நூலுக்கு ஒரு நம்பர்

சங்கரன்கோவிலுக்கு ஆடித் தபசு பார்க்கப் போன இடத்தில் எனக்குத் தூண்டில் ஞானம் பிறந்தது என்று சொன்னால் நேயர்கள் சிரிக்கக் கூடும். சிரிக்க வேண்டியதுதான். அந்த ஊர் வழியாக வற்றாத ஆறு எதுவும் ஓடவில்லை. கோவிலுக்குள் நாகசுனை என்று ஒரு தீர்த்தம் இருக்கிறது. அதில் தூண்டில் போடப் போகிறேன் என்று யாராவது புறப்பட்டால் ஊரார் அவரைச் சும்மா விடமாட்டார்கள். ஆகவே மீன் பிடிப்பதற்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நூலுக்கும் அந்த ஊருக்கும் நிரம்பச் சம்பந்தம் உண்டு. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும் ஊர் அது. தூண்டிலில் ஒரு பக்கம் மனிதன், மறு பக்கம் மீன். இரண்டுக்கும் நடுவே இருப்பது நூல்தானே?

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஊட்டிக்குப் போயிருந்தபோது, தேயிலைத் தோட்டத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். அவருக்குத் தூண்டில் பைத்தியம். புழுவைக் குத்தி, தக்கையை மிதக்க விட்டு, கரையில் குந்தியிருக்கும் நம் ஊர்த் தூண்டில் அல்ல. கோழி இறகையும் பட்டிழையையும் முள்ளில் சுற்றி ஈயைப் போலவே ஒன்று செய்து, அதை ஓடுகிற தண்ணீரின் மேல் மெதுவாக உட்கார வைத்து மீனை ஏமாற்றுகிற ஈத் தூண்டில். அவருடைய வீட்டுக் கூடத்தில் நாலைந்து கோல்கள் சாத்தி வைத்திருந்தன. ஒவ்வொரு கோலின் அடியிலும் ஓர் எண். ஒன்றில் 4, ஒன்றில் 5, ஒன்றில் 8.

"இது என்ன ஸார், கோலின் எடையா?" என்று கேட்டேன்.

"இல்லை. நூலின் எடை."

"நூல் எங்கே இருக்கிறது? இதில் நூலே இல்லையே!"

"அதனால்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கோலுக்கு எந்த எடையுள்ள நூல் பொருந்தும் என்று. நூலிலும் அதே எண் இருக்கும். நூல் சுற்றுகிற ரீலிலும் அதே எண் இருக்கும். மூன்றும் ஒத்துப் போக வேண்டும். ஒன்று மாறினாலும் நாள் முழுவதும் ஆற்றில் நின்று கையை வலிக்கப் பண்ணிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்."

எனக்கு விளங்கவில்லை. கயிற்றை எடை போடலாம். சங்கிலியை எடை போடலாம். நூலை எடை போடுவார்களா? வேண்டுமானால் இவ்வளவு பருமன் என்று சொல்லலாம். சும்மா தலையை ஆட்டி வைத்தேன்.

அடுத்த வருஷம் ஆடி மாதம் சங்கரன்கோவில். எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். கைத்தறியில் தொடங்கி விசைத்தறியில் முடித்தவர். உள்ளேயிருந்து ஒரு பையன் ஒரு சிட்டம் நூலைக் கொண்டுவந்து கொடுத்தான். அவர் அதைக் கண்ணால் பார்க்கக்கூட இல்லை. உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, "இது அறுபது இல்லலே, ஐம்பத்தஞ்சு கூட வராது, திருப்பிக் கொண்டு போய்க் குடு" என்று சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, நூலைப் பார்க்காமலே எப்படிச் சொல்லுகிறீர்கள்?" என்றேன்.

"கண்ணு ஏமாத்தும் தம்பி. முறுக்கு ஏறுனா நூலு சன்னமாத் தெரியும். கஞ்சி போட்டா தடிச்சுத் தெரியும். எடை ஏமாத்தாது" என்றார்.

ஊட்டிப் பெரியவர் சொன்னது அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கிற்று.

நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர், நூறாம் நம்பர் என்று ஜவுளிக் கடையில் நாம் கேள்விப்படுகிறோம் அல்லவா? அந்த நம்பர் நூலின் பருமன் அல்ல, எடைக் கணக்கு. பருத்தி நூலில் 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். நாற்பது சிட்டம் நின்றால் நாற்பதாம் நம்பர். நூறு சிட்டம் நின்றால் நூறாம் நம்பர். நூல் சன்னமாக ஆக நம்பர் ஏறும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்து ஆலைகளில் வழங்கிய கணக்கு இது. கப்பலேறி வந்து, 1880-களில் பாபநாசத்து அருவித் தண்ணீரின் வேகத்தைக் கொண்டு ஹார்வி சகோதரர்கள் ஆலை ஓட்டத் தொடங்கியபோது நம் சீமைக்கும் வந்து சேர்ந்தது. ராத்தல் போய்க் கிலோ வந்து அறுபது வருஷங்களுக்கு மேல் ஆகியும் நூல் கடையில் இந்தக் கணக்கு மட்டும் போகவில்லை.

இனி ஆற்றுக்குப் போவோம். ஈத் தூண்டிலில் நூலை ஏன் எடை போட வேண்டும்?

நம் ஊர்ப் பையன்கள் குளத்தில் தூண்டில் எறிவதைப் பார்த்திருப்பீர்கள். தங்கூஸ் நரம்பின் நுனியில் ஈயக் குண்டு கட்டியிருக்கும். கோலை வீசினால் குண்டு கல்லைப் போலப் பறக்கும். நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். பறப்பது குண்டு, நரம்பு அதன் வால். ஈத் தூண்டிலில் இது தலைகீழ். ஈக்கு எடையே கிடையாது. வாயால் ஊதினால் பறந்து போகும். அதை நாற்பது அடி தூரம் எறிவது எப்படி? எறிய முடியாது. ஆகவே எடையை நூலிலேயே வைத்துவிட்டார்கள். மாட்டுக்காரன் சாட்டையைச் சொடுக்குகிறானே, அதைப் போல நூலைப் பின்னால் வீசி, அது காற்றில் நீண்டு நிற்கும் கணத்தில் முன்னால் வீசுவார்கள். பறப்பது நூல். நுனியில் உள்ள ஈ வெறும் பிரயாணி.

இந்த வேலையைச் செய்வது கோலின் வளைவு. நூல் பின்னால் இழுக்கும்போது கோல் வில்லைப் போல் வளைகிறது. நிமிரும்போது நூலை முன்னால் தள்ளுகிறது. நூல் இலேசாக இருந்தால் கோல் வளையவே வளையாது. விறகுக் கட்டையை ஆட்டுவது போல ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். நூல் அதிக கனமாக இருந்தால் கோல் வளைந்தது வளைந்தபடி துவண்டு போகும். நூல் தலையிலேயே வந்து விழும். ஆகவே ஒவ்வொரு கோலுக்கும் அதற்கேற்ற எடையுள்ள நூல் ஒன்று உண்டு. இதைக் கண்டுபிடிக்கத்தான் மனிதர்களுக்கு முந்நூறு வருஷம் பிடித்தது.

தூண்டில் என்ற சொல் சங்கப் பாட்டுக்களிலேயே இருக்கிறது. நமக்கு அது புதிது அல்ல. ஆனால் ஈத் தூண்டில் வெள்ளைக்காரத் துரைமார்களோடு வந்த சரக்கு. ஹென்ரி ஸல்லிவன் தாமஸ் என்று ஒரு துரை. சென்னை மாகாணத்து ஸிவில் உத்தியோகஸ்தர். தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்தவர். ஆற்று மீன்கள் அழிந்து வருவதைப் பற்றி சர்க்காருக்கு அறிக்கை எழுதிய கையோடு, 1873-இல் இந்திய நதிகளில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். மஹசீர் என்ற பெரிய கெண்டை இனத்து மீனை வெள்ளைக்காரர்களுக்கு அறிமுகம் செய்து வைத்த பெருமை அந்தப் புத்தகத்துக்கு உண்டு. 1887-இல் நம் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியும் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். கலெக்டர் வேலையில் அவருக்கு இவ்வளவு பொழுது எப்படிக் கிடைத்தது என்று நாம் கேட்க வேண்டாம்.

ஆனால் ஊட்டியில் குடியேறிய துரைமார்களுக்கு மஹசீர் போதவில்லை. தங்கள் ஊர் ஓடைகளில் துள்ளும் டிரவுட் மீன்தான் வேண்டியிருந்தது. பிரான்ஸிஸ் டே என்ற டாக்டர் 1863-இலேயே நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டு வர முயன்றார், பலிக்கவில்லை. இந்திய மீன்களைப் பற்றி இன்றும் படிக்கப்படுகிற பெரிய நூலை எழுதிய அந்த மனிதருக்கே ஒரு சீமை மீன் வசப்படவில்லை! 1879-இல் நீலகிரிக்கு என்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்தது. இலங்கையில் நுவரெலியா ஓடைகளில் 1882-இலேயே டிரவுட் முட்டைகளைக் கொண்டு வந்து சேர்த்துவிட்டார்கள். கடைசியில் 1907-இல், ஸர் பிரடெரிக் நிக்கல்ஸன் சென்னை மாகாணத்து மீன் இலாகாவைத் தொடங்கிய காலத்தில், வில்ஸன் என்ற மீன் வளர்ப்பு நிபுணரின் முயற்சியால் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஏற்பட்டது. வானவில் டிரவுட் என்ற இனம் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது. என்னுடைய ஊட்டிப் பெரியவர் கோலும் கையுமாக அலைவது அந்த மீன்களின் சந்ததியைத் தேடித்தான்.

அந்தக் காலத்துத் துரைமார்களின் கோலும் நூலும் எப்படி இருந்தன?

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நூல் என்பது குதிரை வால் மயிர். ஐஸக் வால்ட்டன் தம்முடைய புகழ் பெற்ற தூண்டில் புத்தகத்தை வெளியிட்ட 1653-இல் அப்படித்தான். மயிர்களை முறுக்கிப் பின்னி, கோலின் நுனியிலேயே கட்டிவிடுவார்கள். கோலின் பக்கம் பல மயிர், ஈயின் பக்கம் சில மயிர். இத்தனை மயிர் நூல் என்று எண்ணிச் சொன்னால் போதும், எல்லோருக்கும் புரிந்தது. பிறகு மயிரோடு பட்டைச் சேர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மயிர் போய் முழுப் பட்டு வந்தது. பின்னிய பட்டு நூலில் ஆளிவிதை எண்ணெயை ஊட்டி, உலர்த்தி, மறுபடி ஊட்டி வழவழப்பாக்குவார்கள். ஆனாலும் பட்டு தண்ணீரைக் குடிக்கும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் நூல் முழுவதையும் ரீலிலிருந்து கழற்றி, நாலு கை வைத்த ஒரு சட்டத்தில் சுற்றி உலர வைக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் படத்தைப் பார்த்தேன். நம் நெசவாளர் வீட்டு ராட்டைக்குத் தம்பி என்றே சொல்லலாம்.

கோலும் மாறிற்று. முதலில் கனமான மரக் கோல்கள். பிறகு அமெரிக்காவில் 1840-களில் மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, இழைத்து, ஒட்டி, இலேசான கோல் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அந்த மூங்கில் எங்கிருந்து போயிற்று தெரியுமா? கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து. அமெரிக்கத் தூண்டில்காரர்கள் அதைக் 'கல்கத்தா' என்றே அழைத்தார்கள். நம் தேசத்து மூங்கில் அமெரிக்காவுக்குப் போய்க் கோலாக மாறியது என்றால் பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெருமை நெடுநாள் நீடிக்கவில்லை. பிற்பாடு சீனத்து டோங்கின் மூங்கில் வந்து கல்கத்தாவை ஒதுக்கிவிட்டது.

பட்டு நூல் காலத்தில் நூலைக் குறிக்க எழுத்துக்களை வழங்கினார்கள். ஆங்கில எழுத்து ஏ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் அறுபது பங்கு பருமன். பி என்றால் ஐம்பத்தைந்து. இப்படி ஓரெழுத்துக்கு ஐந்து பங்கு குறைந்துகொண்டே வரும். 'எச் டி எச்' என்று ஒரு நூலில் எழுதியிருந்தால், இரண்டு நுனியும் எச் பருமன், நடு வயிறு டி பருமன் என்று பொருள். இன்ன கோலுக்கு எச் டி எச் பொருந்தும் என்று கடைக்காரர் சொல்வார், வாங்கிக்கொண்டு போவார்கள், பொருந்தவும் செய்தது.

ஏன் பொருந்தியது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. எல்லா நூலும் பட்டு. ஒரே பொருளாக இருந்தால், பருமனைச் சொன்னால் எடையைச் சொன்னது மாதிரிதான். தங்கக் கம்பியின் பருமனைச் சொன்னால் தட்டான் எடையைச் சொல்லிவிடுவான் அல்லவா? ஆனால் பித்தளைக் கம்பியையும் தங்கக் கம்பியையும் பக்கத்தில் வைத்துப் பருமனை மட்டும் சொன்னால் என்ன ஆகும்?

அதுதான் ஆயிற்று. 1938-இல் அமெரிக்காவில் நைலான் வெளிவந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜப்பானியப் பட்டு நின்றது. 1950-இல் சீனத்தோடு வியாபாரம் கூடாது என்று அமெரிக்க சர்க்கார் தடை போட்டதும் மூங்கிலும் நின்றது. பட்டின் இடத்தில் நைலான் நூலும், அதன் மேல் பிளாஸ்டிக் பூசிய நூலும் வந்தன. மூங்கிலின் இடத்தில் கண்ணாடி இழைக் கோல் வந்தது. எழுத்துக்கள் மட்டும் பழைய எழுத்துக்களாகவே இருந்தன. நைலான் பட்டைவிட இலேசு. அதே பருமன், அதே எச் டி எச், ஆனால் எடை குறைவு. நேற்று வரையில் அழகாக வளைந்த கோல் இன்றைக்கு ஏன் வளையவில்லை என்று தெரியாமல் தூண்டில்காரர்கள் திண்டாடினார்கள். கோலைக் குறை சொன்னார்கள். கையைக் குறை சொன்னார்கள். எழுத்தைச் சந்தேகிக்க யாருக்கு முதலில் தோன்றும்? அச்சடித்தது பொய் சொல்லுமா?

கடைசியில் 1961-ஆம் வருஷம் அமெரிக்கத் தூண்டில் சாமான் உற்பத்தியாளர் சங்கத்தார் ஒரு முடிவு செய்தார்கள். பருமனைத் தூக்கி எறிந்துவிட்டு எடையைப் பிடித்துக்கொண்டார்கள். நூலின் முதல் முப்பது அடியை, நுனியில் ஈ கட்டும் மெல்லிய பகுதியை விட்டுவிட்டு, நிறுக்க வேண்டியது. 120 கிரெயின் இருந்தால் அது நாலாம் நம்பர். 140 கிரெயின் ஐந்தாம் நம்பர். 160 ஆறாம் நம்பர். 210 எட்டாம் நம்பர். நூல் பட்டாக இருக்கட்டும், நைலானாக இருக்கட்டும், இனி வரப்போகிற எதுவாகவும் இருக்கட்டும். பருமன் எப்படியும் போகட்டும். தராசு சொன்னது சொன்னதுதான். கண்ணாடி இழைக் கோல் போய்க் கரி இழைக் கோல் வந்த பிறகும் இந்த நம்பர் அசையவில்லை.

கிரெயின் என்பது தானிய மணி. ஒரு ராத்தலுக்கு 7,000 மணி. நம் குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின் நிற்கும். நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புரியும்படியாகச் சொன்னால், ஐந்தாம் நம்பர் நூலின் முப்பது அடி ஒன்பது கிராம். ஒரு சவரனுக்கு ஒரு கிராம் கூடுதல். எட்டாம் நம்பர் ஒன்றே முக்கால் சவரனுக்குக் கொஞ்சம் குறைச்சல். இந்த வித்தியாசத்தைக் கோல் உணர்கிறது.

இதே கிரெயினில்தான் நூற்பாலையிலும் நூலை நிறுக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு உண்டான ஆச்சரியத்தை எப்படிச் சொல்வேன்! ஒரு சிட்டத்தில் ஏழில் ஒரு பங்கான 120 கெஜத்தை நிறுத்து, அந்தக் கிரெயினால் ஆயிரத்தை வகுத்தால் நம்பர் வந்துவிடும். 25 கிரெயின் நின்றால் நாற்பதாம் நம்பர். திண்ணையில் உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சங்கரன்கோவில் நாற்பதாம் நம்பர் நூலில் அறுபத்தேழு இழையைச் சேர்த்து முறுக்கினால் ஊட்டிப் பெரியவரின் ஐந்தாம் நம்பர் நூலின் எடை வந்துவிடும். ஒரே ஒரு கோளாறு: நெசவாளருக்கு நம்பர் ஏறினால் நூல் சன்னம், தூண்டில்காரருக்கு நம்பர் ஏறினால் நூல் கனம். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருப்பது போல இரண்டு கணக்கும் ஒரே தராசில் இருக்கின்றன.

ரீலைப் பற்றி ஒரு வார்த்தை. கோலும் நூலும் புருஷன் பெண்சாதி என்றால் ரீல் பிரம்மச்சாரி மைத்துனன். நூலை வீசும் வேலையில் அதற்குப் பங்கு இல்லை. ஆனால் இரண்டு பொறுப்பு உண்டு. முதலாவது, அந்த நம்பர் நூல் முழுவதும், அதன் அடியில் சுற்றுகிற மெல்லிய உதவிக் கயிறும் அதில் அடங்க வேண்டும். எட்டாம் நம்பர் நூலை ஐந்தாம் நம்பர் ரீலில் திணித்தால் பிதுங்கும். ஓடையில் சிறு டிரவுட் பிடிப்பவருக்கு உதவிக் கயிறு அவ்வளவாக வேண்டாம். முள் பட்டதும் ஆற்றோடு ஓடுகிற மஹசீரைத் துரத்துபவருக்கு நூறு கெஜத்துக்கு மேல் வேண்டியிருக்கும். இரண்டாவது, ரீல் கோலுக்கு எதிரெடை. கோலின் பிடியைச் சுட்டு விரலின் மேல் வைத்தால் தராசு முள் மாதிரி நிற்க வேண்டும். ரீல் இலேசானால் நுனி சாயும். கனமானால் அடி சாயும். இரண்டிலும் மாலைக்குள் மணிக்கட்டு சொல்லிவிடும். ரீலின் மேல் இருக்கிற நம்பர் முதல் பொறுப்பைத்தான் சொல்லும். இரண்டாவதை விரல்தான் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஹார்டி சகோதரர்கள் 1891-இல் வெளியிட்ட ஒரு ரீலுக்கு 'குறையற்றது' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். ஆனால் எந்த ரீலும் தனியாக இருக்கும்போது குறையற்றதுதான். பொருந்தாத கோலில் மாட்டினால்தான் குறை தெரியும்.

இவ்வளவும் துரைமார்களின் பொழுதுபோக்கு. நம்பர் தப்பினால் ஒரு நாள் மீன் கிடைக்காது. அவ்வளவுதானே என்று நேயர்கள் கேட்கலாம். நானும் அண்ணாச்சியிடம் அப்படித்தான் சொன்னேன். சிட்டத்தைத் திருப்பி அனுப்பியதற்கு அவர் காட்டிய கண்டிப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பட்டது. "ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் என்ன பிரமாத வித்தியாசம் அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அவருடைய தகப்பனார் காலம். வீட்டில் ஒரே ஒரு கைத்தறி. கடையில் கடனுக்கு நூல் வாங்கி, சேலை நெய்து, அதே கடைக்குக் கொடுக்க வேண்டும். நாற்பதாம் நம்பர் என்று பத்து ராத்தல் கட்டு வந்தது. நாற்பதுக்கு உண்டான விலையைக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். பாவு ஓட்டினார்கள். பாதியில் நூல் போதவில்லை. எங்கே போயிற்று? எலி தின்றதா? பிள்ளைகள் எடுத்துக் கிழித்தார்களா? கடைக்காரர் எண்ணிக் காட்டினார்: சிட்டங்கள் நானூறும் சரியாக இருந்தனவே! தகப்பனார்தான் நூலைத் திருடி விற்றுவிட்டார் என்று பேச்சாகிவிட்டது.

"சிட்டம் நானூறு சரிதான் தம்பி. சிட்டத்துக்குள்ள எத்தன கெஜம்னு யாரு எண்ணுவா?" என்றார் அண்ணாச்சி.

சூது அங்கேதான் இருந்தது. நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற சட்டத்தின் சுற்றளவு ஒன்றரை கெஜம் இருக்க வேண்டும். ஐந்நூற்று அறுபது சுற்றுச் சுற்றினால் 840 கெஜம். சட்டத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினாலோ, சுற்றில் கொஞ்சம் குறைத்தாலோ சிட்டத்தில் 800 கெஜம்தான் நிற்கும். அப்போது முப்பத்தெட்டாம் நம்பர் நூல்கூட ராத்தலுக்கு நாற்பது சிட்டம் காட்டும். தடித்த நூலைச் சன்ன நூலின் விலைக்கு விற்றுவிடலாம். பத்து ராத்தல் கட்டுக்கு ஏறக்குறைய பதினாறாயிரம் கெஜம் குறையும். ஒன்பது மைல் நீளம்! அந்த ஒன்பது மைலைத்தான் அவருடைய தகப்பனார் திருடிவிட்டதாக ஊர் சொல்லிற்று.

"அப்பா செத்த பொறவுதான் நான் ஒரு சிட்டத்த பிரிச்சு, திண்ணையில ரெண்டு ஆணி அடிச்சு, முழுசா அளந்து பாத்தேன். அன்னைக்கு ராத்திரி எங்க ஆத்தா அழுத அழுகை இருக்கே…" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த ஆணிகளின் துளைகள் திண்ணைத் தூணில் இன்னும் இருக்கின்றன. எனக்குக் காட்டினார்.

நம்பர் என்பது என்ன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தராசைப் பார்க்காதவனுக்குத் தராசைப் பார்த்தவன் கொடுக்கிற வாக்கு அது. பருமனைச் சொன்ன எழுத்துக்கள் பொருள் மாறியதும் பொய்யாயின. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சங்கரன்கோவிலில் பொய்யானது வேறு தினுசு. எடை பொய் சொல்லவில்லை. எடையோடு சேர்த்துச் சொன்ன நீளம் பொய் சொல்லிற்று. எடையும் நீளமும் சேர்ந்தால்தான் நூல். அமெரிக்கச் சங்கத்தார் 'முப்பது அடி' என்று அழுத்தமாக எழுதி வைத்ததும் இதற்காகத்தானே?

இந்த வாக்கு இப்போது ஆற்றிலும் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறதாம். கோல்களை மேலும் மேலும் விறைப்பாகச் செய்கிறார்கள். ஐந்தாம் நம்பர் கோலை ஐந்தாம் நம்பர் நூல் வளைப்பதில்லை. அதற்காகச் சில நூல் வியாபாரிகள் ஆறாம் நம்பர் எடைக்குப் பக்கத்தில் உள்ள நூலை ஐந்து என்று எழுதி விற்கிறார்கள். ஊட்டிப் பெரியவருக்கு இதில் மகா கோபம். புது நூல் வாங்கினால் முப்பது அடியை அளந்து, நகைக் கடைத் தராசில் கொண்டு போய் நிறுத்துவிட்டுத்தான் ரீலில் ஏற்றுகிறார். "கடைக்காரன் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறான்" என்று சிரித்தார். சங்கரன்கோவில் திண்ணைக்கு அழைத்துப் போனால் அவரை யாரும் பைத்தியம் என்று நினைக்க மாட்டார்கள்.

அன்று மாலை தபசுக் காட்சி. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்காடிக் கோமதி அம்மனிடம் போனதாகவும், அம்மன் தவம் இருந்ததாகவும், இறைவன் பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்ததாகவும் தல புராணம். வலப் பக்கமும் இடப் பக்கமும் நிறை ஒத்து நிற்கிற அந்தக் கோலத்தைப் பார்க்கத்தான் இத்தனை கூட்டம். சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் அம்மனை நோக்கி அள்ளி வீசினார்கள். வீசிய பருத்தி காற்றில் மிதந்து ஜனங்களின் தலையில் விழுந்தது.

அண்ணாச்சி தோளில் விழுந்த ஒரு பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பழக்க தோஷம், இரண்டு முறை தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதைக் கண்ணில் ஒற்றி மடியில் முடிந்துகொண்டார்.